குருதியும் தெரிவும்: இளையோர் மாயப் புனைகதைகள் எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒரே கதைக்கூறு மீண்டும் மீண்டும் கையாளப்படுமாயின் அது தேய்ந்து வலுவிழந்துவிடும் என்பது திறனாய்வுலகிற் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். இளம் வாசகர்களுக்கென ஆங்கிலத்தில் எழுதப்படும் வம்பயர் கதைகள்மீதும் மாயப் புனைகதைகள்மீதும் சுமத்தப்படும் முதற் குற்றச்சாட்டும் இதுவே. உலகை விழுங்கக் காத்திருக்கும் இருளின் அதிபதி, அவனை வீழ்த்தவெனவே பிறந்த பெற்றோரற்ற சிறுவன், நரைத்த தாடியுடன் வழிகாட்டும் முதியவர், பழைய ஏடொன்றிற் பொறிக்கப்பட்ட தீர்க்கதரிசனம், நூறாண்டு வயதாகியும் இளமை மாறாத அழகிய இரத்தக் காட்டேரி என இவற்றை அடுக்கிக்கொண்டே செல்லலாம். பிரித்தானிய எழுத்தாளர் டயனா வின் ஜோன்ஸ் 1996ஆம் ஆண்டில், மாய உலகுகளுக்குச் செல்லும் உல்லாசப் பயணிக்கான கைந்நூல் என்ற பாவனையில் ஒரு நூலையே எழுதி இக்கூறுகளை எள்ளி நகையாடினார். எத்திசை சென்றாலும் அங்கே பயணிக்குக் கிடைக்கும் உணவு ஒரே இறைச்சிக் குழம்புதான்.

இவ்வெள்ளல் நியாயமானதே. ஆயினும் மீளக் கூறல் என்பது தன்னளவிற் குற்றமாகுமா என்பது ஆராயத்தக்கது. உருசிய அறிஞர் விளாடிமிர் புரொப் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தாம் எடுத்துக்கொண்ட மாயக்கதைகள் யாவும் 31 செயற்கூறுகளுள் அடங்குவன எனக் காட்டினார். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வு, சங்கச் செய்யுள்களிற் பயின்றுவரும் வாய்பாடுகளையே தன் சான்றுகளுள் முதன்மையான ஒன்றாகக் கொண்டது. குறிஞ்சி என்றதும் கூடலும் முல்லை என்றதும் இருத்தலும் நம் நினைவுக்கு வருவதாற் சங்கப் பாடல்கள் சிறுமையுற்றனவல்ல. மரபு தந்த வாய்பாட்டின்மேல் நின்றே புலவன் தன் நுட்பத்தைக் காட்டினான். எனவே, எத்தனை முறை கூறப்பட்டது என்னும் கணக்கால் ஒரு கதைக்கூற்றினைத் தீர்ப்பிடல் இயலாது. அவ்வாய்பாடு வாசகன் மனத்தில் எத்தொழிலைச் செய்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய வினாவாகும். அறவியல் நோக்கில் இவ்வினாவை அணுகுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாகப் பிறப்பாற் தீயோர் என்னும் வாய்பாட்டை நோக்குவோம். ஜே. ஆர். ஆர். ரோல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' என்னும் நெடுங்கதையில் ஓர்க் எனப்படும் ஓர் இனம் வருகிறது. அவ்வினத்தார் பேசுகின்றனர், திட்டமிடுகின்றனர், தம் தலைவர்களைப் பற்றி முணுமுணுக்கின்றனர். ஆயினும் அவர்களைக் கொல்வதற்கு எவரும் வருந்துவதில்லை. ஒரு கோட்டைப் போரின்போது கதையின் நல்லோருள் இருவர் தாம் வீழ்த்திய எதிரிகளை எண்ணிப் போட்டியிடுகின்றனர். முடிவில் ஒருவன் 41 என்றும் மற்றவன் 42 என்றும் கணக்கிடுகின்றனர். வாசகனும் அவர்களுடன் சேர்ந்து சிரிக்கிறான். அதே நூலின் மற்றோரிடத்தில், எதிரிப் படையைச் சேர்ந்த மனிதன் ஒருவன் இறந்து கிடப்பதைக் கண்ட சாம் என்பான், இவன் பெயர் யாதோ, உண்மையிலேயே தீய நெஞ்சினன்தானோ, எப்பொய்களை நம்பி இவ்வளவு தொலைவு வந்தானோ என எண்ணி நிற்கிறான். இறந்தவன் மனிதனாதலால் அங்கே வினா பிறந்தது. இறந்தோர் ஓர்க்குகளாயின் அவர்கள் எண்ணிக்கை மட்டுமே.

இவ்விடர்ப்பாட்டை ரோல்கீன் அறியாதவரல்லர். கத்தோலிக்க நம்பிக்கையுடைய அவரது கொள்கைப்படி தீமைக்குப் படைக்கும் ஆற்றல் இல்லை. நன்றாய்ப் படைக்கப்பட்டதைச் சிதைக்க மட்டுமே அதனால் இயலும். அவ்வாறாயின் ஓர்க்குகளும் ஒருகாலத்தில் நல்லோரினின்று சிதைக்கப்பட்டவர்களாதல் வேண்டும். சிதைக்கப்பட்டோர் மீட்கப்படவும் கூடியவரல்லரோ? மீட்கப்படக் கூடியவரை எண்ணிக்கைக்காகக் கொல்லுதல் தகுமோ? தமது கடிதங்களிலும் பிற்காலக் குறிப்புகளிலும் அவர் இவ்வினத்தின் தோற்றத்தைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்தும் இறுதியான விடையை எய்தவில்லை. படைத்தவரை இறுதிவரை உறுத்திய வினா, அவரைப் பின்பற்றியோர் பலரை உறுத்தவேயில்லை என்பதுதான் கவனத்திற்குரியது. அவர்கள் இனத்தை எடுத்துக்கொண்டனர், ஐயத்தை விட்டுவிட்டனர். வாய்பாடு தேய்தல் என்பதன் உண்மைப் பொருள் இதுவே எனலாம். குறித்ததோர் இனத்தாரைக் கொல்லுதல் கொலையாகாது என்னும் எண்ணம் இளம் மனத்துக்கு இன்பமூட்டும் பொழுதுபோக்காகப் பழக்கப்படுகிறது. இனம் என்பது நூலிற் காணும் வெறுஞ் சொல்லாக ஒருபோதும் இருந்திராத ஒரு நாட்டில் வாழும் நாம் இதனைச் சிறிதெனக் கருதிக் கடந்து செல்ல இயலாது.

இரண்டாவது வாய்பாடு, தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவன் என்பதாகும். உலகின் மீட்சி ஒரு குருதி வழியில், ஒரு பிறப்புக் குறியில், ஒரு தீர்க்கதரிசனத்தில் அடங்கியுள்ளது. ஏனையோர் அவனுக்கு உதவலாம், அவனுக்காக இறக்கலாம், ஆயின் வரலாற்றை இயக்குபவன் அவனே. முதலாவது வாய்பாட்டின் மறுபக்கமே இது. அங்கே தீமை குருதியில் ஓடுகிறது; இங்கே மேன்மை குருதியில் ஓடுகிறது. இரண்டிலும் ஒருவன் யாது செய்தான் என்பதிலும் யாருக்குப் பிறந்தான் என்பதே முதன்மை பெறுகிறது.

ஜே. கே. ரோலிங் 1997 முதல் 2007 வரை எழுதிய ஹரி பொற்றர் நூல்கள் ஏழும் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சிறந்தது என்பது, அவை இவ்வாய்பாட்டோடு போராடுவதால். தூய குருதி பற்றிப் பெருமை பேசுவோரே அந்நூல்களிற் பகைவர். 2003இல் வெளிவந்த ஐந்தாம் நூலில், தீர்க்கதரிசனம் இரு சிறுவருள் எவரையும் குறித்திருக்கக் கூடும் என்பதும், பகைவன் ஹரியைத் தெரிந்து தாக்கியதாலேயே ஹரி அதற்குரியவனானான் என்பதும் வெளிப்படுகின்றன. விதி என எண்ணப்பட்டது ஒருவனது தெரிவின் விளைவே என்று காட்டுவதால், வாய்பாடு உள்ளிருந்தே உடைக்கப்படுகிறது. ஆனால் அதே நூல்களில் வீட்டு எல்ஃபுகள் எனப்படும் ஊழியச் சிற்றுயிர்கள் வருகின்றன. விடுதலையை விரும்பும் ஓரிருவர் நீங்கலாக, அவ்வினத்தார் அடிமைத்தனத்தையே விரும்பும் இயல்பினராகச் சித்திரிக்கப்படுகின்றனர். அவர்களது விடுதலைக்காக இயக்கம் தொடங்கும் மாணவி பெரிதும் நகைப்புக்கிடமாக்கப்படுகிறாள். பிறப்பு ஒருவனது தகுதியைத் தீர்மானிக்காது என ஒருபுறம் அறிவுறுத்தும் நூல், சிலர் ஏவல் செய்யவே பிறந்தவர் என மறுபுறம் புன்னகையுடன் ஒப்புக்கொள்கிறது. ஆசிரியர் விழிப்புடன் நின்ற இடத்தில் வினா எழுந்தது. விழிப்புத் தளர்ந்த இடத்திற் பழைய வாய்பாடு தானே வந்து அமர்ந்துகொண்டது.

மூன்றாவதாக வம்பயரை நோக்குவோம். செர்பியக் கிராமங்களில் 1725ஆம் ஆண்டிலும் 1730களின் தொடக்கத்திலும், கல்லறையினின்று எழுந்து அயலாரை வருத்துவதாக நம்பப்பட்டவர்கள் எளிய குடியானவர்கள். அவர்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. இத்தகைய நம்பிக்கைகளை ஆராய்ந்த மருத்துவரின் அறிக்கையை அடுத்து, ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1755இல் இவ்வழக்கத்துக்குத் தடை விதித்தார். குடியானவப் பிணத்தைப் பிரபுவாக்கியவர் ஆங்கில எழுத்தாளர்களே. பைரனின் மருத்துவராயிருந்த யோன் பொலிடோரி 1819இல் வெளிவந்த கதையில் வம்பயரை மேற்குடி விருந்து மண்டபத்துக்கு அழைத்து வந்தார். அயர்லாந்தரான பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' 1897இல் வெளிவந்தது. அதன் தலைவனும் ஒரு பிரபுவே. இலண்டனில் வீடு வாங்கிக் குடியேறும் அவனிடத்தே ஏகபோக மூலதனத்தின் சாயலைக் கண்டார் இத்தாலியத் திறனாய்வாளர் பிராங்கோ மொரெற்றி. கீழைத் திசையிலிருந்து வரும் அந்நியன் தங்களைக் குடியேற்றத்துக்கு உள்ளாக்குவான் என்னும் பேரரசு மக்களின் அச்சத்தைக் கண்டார் ஸ்ரீபன் அராற்றா. கார்ல் மார்க்ஸும் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற் பாகத்தில் மூலதனத்தை வம்பயருக்கு உவமித்தமை யாவரும் அறிந்ததே. இவ்வுரைகள் தம்முள் வேறுபடினும் ஒன்றில் உடன்படுகின்றன: பிறனது உயிரைத் தன் வாழ்வுக்கான கருவியாக்கிக்கொள்பவனே வம்பயர். மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது என்னும் கான்ற்றின் நெறிக்கு முற்றிலும் எதிரான உருவம் அது.

1976இல் அன் ரைஸ் எழுதிய நாவல் வம்பயரையே கதைசொல்லியாக்கிற்று. தான் வாழும் முறைக்காக வருந்தும் உள்ளம் அவனுக்குக் கிடைத்தது. இது அறவியல் நோக்கில் ஒரு முன்னேற்றமே. 2005இல் வெளிவந்த ஸ்ரெபனி மேயரின் 'ருவைலைற்' அவனை இளம் பெண்ணின் காதலனாக்கிற்று. எட்வேர்ட் என்னும் அவன் 1901இற் பிறந்து 1918இல் வம்பயராக மாற்றப்பட்டவன். அவன் காதலிப்பவள் 17 வயது மாணவி. நேர்மையாகக் கூறின், இந்நாவலிலும் தெரிவுக்கு இடமுண்டு. அவனும் அவன் குடும்பத்தாரும் மனித இரத்தத்தை விலக்கி விலங்குகளின் இரத்தத்தால் உயிர் வாழ்கின்றனர். இயல்பை மன உறுதியால் வெல்லலாம் என்பது உயர்ந்த கருத்தே. ஆனால் தாகத்தை அடக்கியவன் அதிகாரத்தை அடக்கவில்லை. அவள் உறங்கும்போது அவளறியாது அறைக்குள் வந்து நோக்கியிருக்கிறான். வயதிலும் அனுபவத்திலும் உடல் வலிமையிலும் இருவருக்குமிடையே உள்ள ஏற்றத்தாழ்வு நூலில் ஒரு சிக்கலாக அன்றிக் கவர்ச்சியாகவே காட்டப்படுகிறது. உன்னைக் கொல்லும் ஆவல் எனக்குண்டு, ஆயினும் கொல்லாதிருக்கிறேன் என்பது அன்பின் சான்றாகிவிடுகிறது. இவ்வுரு பின்வந்த எத்தனையோ நூல்களிற் படியெடுக்கப்பட்டபோது, கண்காணித்தல் காவலாகவும், அச்சுறுத்தல் ஆழ்ந்த காதலாகவும் பொருள் கொள்ளப்படலாயின. பிறரைக் கருவியாக்கும் தீமைக்கு மனித குலம் கண்ட மிகக் கூர்மையான குறியீடு, அத்தீமையையே அழகெனக் காட்டும் ஆடையாயிற்று.

இதுவரை கூறியவற்றுக்கு எழக்கூடிய இரு மறுப்புகளை ஈண்டு ஆராய்தல் தகும். உளவியலாளர் புரூனோ பெற்றல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூலில், மாயக்கதையின் மாந்தர் முற்றிலும் நல்லோராகவோ முற்றிலும் தீயோராகவோ இருத்தல் குழந்தைக்கு உதவுகிறது என வாதிட்டார். குழந்தையின் மனமும் அவ்வாறே உலகைப் பிரித்துக் காண்கிறது என்பது அவரது கருத்து. இதனை ஏற்றுக்கொள்வதில் இடரில்லை. ஆனால் இங்கே நாம் பேசும் நூல்கள் மடியில் அமர்ந்து கதை கேட்கும் குழந்தைக்குரியனவல்ல. யாரோடு சேர்வது, யாரை வெறுப்பது, யாரை நம்பித் தன்னை ஒப்புவிப்பது எனத் தானே முடிவு செய்யத் தொடங்கும் பருவத்தினருக்குரியன. ஊன்றுகோல் நடை பழகுபவனுக்குத் துணை. நடக்க வல்லவனுக்கு அதுவே தடை.

தீமையை இவ்வாறெல்லாம் ஆராயத் தொடங்கினால் கதையில் அச்சமே எஞ்சாது என்பது இரண்டாவது மறுப்பு. கோரைப்பற் களைந்த வம்பயர் யாருக்கும் பயன்படான் என்பது உண்மையே. ஆயினும் தீமையை மெய்யாகவே அஞ்சவைத்த படைப்புகள் அதனைப் பிறப்பில் வைக்கவில்லை. அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'பூமிக்கடலின் மந்திரவாதி'யில், இளைஞனொருவன் செருக்கினால் ஒரு நிழலை உலகினுள் விடுவிக்கிறான். அதற்கஞ்சி ஓடுகிறான், பின்னர் அதனைத் துரத்துகிறான். இறுதியில் அந்நிழலைத் தன் பெயராலேயே அழைக்கிறான். அங்கே கொல்லப்பட வேண்டிய இனம் எதுவுமில்லை. அச்சமோ ஓர்க் படைகளிற் காண்பதிலும் பெரிது. ரோல்கீனின் நூலும் தன் உச்சத்தில் இவ்வாறே அமைகிறது. மோதிரத்தை அழிக்கச் சென்ற பிறொடோ கடைசிக் கணத்தில் தோற்று அதனைத் தனதாக்கிக்கொள்கிறான். உலகம் மீள்வது முன்னொருநாள் கொல்லாது விடப்பட்ட கொல்லம் என்னும் இழிந்தவனாலேயே. பில்போ அவன்மீது இரக்கங் கொள்ளும் காட்சி 1937இல் வெளிவந்த 'ஹொபிற்' முதற்பதிப்பில் இல்லை. 1951ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. மரபுவழிக் கதையொன்றை ஆசிரியர் மீண்டும் சிந்தித்தபோது அதனுட் புகுந்தது இரக்கம் என்பது பொருள் பொதிந்த செய்தியாகும்.

எனவே மாயப் புனைகதைகளை ஒதுக்குதலும், அவற்றில் வாய்பாடே கூடாது என விதித்தலும் நமது முடிவாகா. அறப்பொறுப்பு என்பது வேறுவிதமாகவும் நடந்திருக்கக் கூடியவனுக்கே உரியது. தெரிவுக்கு இடமில்லாத இடத்திற் புகழுமில்லை, பழியுமில்லை. குருதியைக் கொண்டு நன்மை தீமைகளைப் பகுக்கும் கதை, அறத்தைப் பற்றிப் பேசுவதுபோற் தோன்றினும், அறத்துக்குரிய இடத்தையே அகற்றிவிடுகிறது. ஆதலின் பழகிய கதைக்கூறு ஒன்றைச் சந்திக்கும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: இங்கே யாருடைய தெரிவு மறைக்கப்பட்டது? எண்ணப்பட்ட 42 பேருள் ஒருவனுக்குத் தப்பிச் செல்லும் வழி இருந்ததா? ஏவலை விரும்புவதாகக் கூறப்பட்டவனிடம் எவரேனும் வினவினரா? உறங்கிக்கொண்டிருந்தவள் உடன்பட்டாளா? இவ்வினாக்களைக் கேட்கப் பழகிய வாசகனை எந்த வாய்பாடும் எளிதில் ஏமாற்றாது. கதைக்குப் புறத்தேயும் ஒரு கூட்டத்தாரைக் காட்டி இவர்கள் பிறப்பிலேயே இத்தகையோர் என எவரேனும் கூறும்போது, அவ்வினாவை அவன் அங்கும் கேட்பான்.