திறப்பும் பொறுப்பும்

கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கப்பட்டபோது அங்கே தொழிற்சாலைகள் விரைந்து எழுந்தன. தொழிலாளர் உறங்குவதற்கான கூரைகள் அவ்வேகத்தில் எழவில்லை. கிராமங்களிலிருந்து வந்த பல்லாயிரம் இளம்பெண்களுக்கு, அயலிலுள்ள வீட்டுச் சொந்தக்காரர் தம் வளவுகளில் வரிசை வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். 'போடிங்' என்பது இவற்றுக்கு வழங்கும் பெயர். ஓர் அறையிற் பலர். கிணறும் மலசலகூடமும் வெளியே, எல்லார்க்கும் பொதுவாக. மலைநாட்டிலிருந்தும், 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்குக் கிழக்கிலிருந்தும், தமிழ்ப் பெண்களும் இவ்வறைகளுக்கு வந்து சேர்ந்தனர்.

இத்தகைய அறையொன்றை மனத்திற் கொள்வோம். கதவு மெல்லிய பலகை, கொண்டி தளர்ந்திருக்கின்றது. மலசலகூடத்துக்குப் போகும் வழியில் மின்குமிழ் எரிவதில்லை. பகலில் எவனோ கொண்டியைத் தள்ளி உள்ளே புகுந்து ஒருத்தியின் மாதச் சம்பளத்தை எடுத்துச் செல்கின்றான்; அல்லது, இரவு வேலை முடிந்து வந்தவளை அவ்விருளில் வழிமறிக்கின்றான். குற்றவாளி அவனே, அதில் ஐயமில்லை. ஆயின் குற்றவாளி ஒருவன் இருக்கின்றான் என்பதனால் ஏனையோர் அனைவரும் பொறுப்பினின்றும் விடுபட்டுவிடுவரோ?

எமது நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரர்மீது சில கடமைகளைச் சுமத்துகின்றது. எந்த நோக்கத்துக்காக வீடு வாடகைக்கு விடப்பட்டதோ, அந்நோக்கத்துக்கு ஏற்ற நிலையில் அதனைக் கையளித்துப் பேணுதல் வேண்டும். குடியிருப்பவரின் அனுபவிப்பைத் தாமே குலைத்தலாகாது. குடியிருப்பவரோ வாடகையை இறுத்து, வீட்டைக் கவனமாகப் பயன்படுத்தி, பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். மனிதர் வசிப்பதற்கு ஏற்ற நிலை என்பதில் ஒழுகாத கூரை அடங்கும் என்பதை எவரும் மறுப்பதில்லை. மழையைத் தடுக்கும் கூரை அடங்குமாயின், மனிதனைத் தடுக்கும் கதவு ஏன் அடங்கலாகாது?

"நான் வாடகைக்கு விட்டது அறையை, காவற்காரனை அன்று" என்பது சொந்தக்காரர் தரப்பு வாதம். முற்றிலும் பொருளற்ற வாதமென இதனைத் தள்ளிவிட முடியாது. இதே வாதம் அமெரிக்காவின் வாஷிங்டன் நகர நீதிமன்றமொன்றில் எழுந்த கதையை இங்கே நினைவுகூர்தல் தகும். 585 வீடுகள் கொண்ட ஒரு மாடிக் கட்டடத்தில் 1959இல் ஒரு பெண் குடிபுகுந்தார். அப்போது தலைவாயிலில் இருபத்துநான்கு மணி நேரமும் வாயிற்காவலர் இருந்தனர். 1966 ஆகும்போது அக்காவல் இல்லை. பக்கவாயில்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. களவும் தாக்குதலும் பெருகியதைச் சொந்தக்காரர் அறிந்திருந்தும் பேசாதிருந்தனர். அவ்வாண்டு நவம்பரில், பொது நடைவழியில், அப்பெண் தாக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டார். 1970இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சொந்தக்காரர் எல்லாத் தீங்குக்கும் உத்தரவாதம் அளிப்பவர் அல்லர். ஆனால் பொது வாயிலும் நடைவழியும் அவர் ஆளுகையில் இருக்கின்றன. எதிர்பார்க்கத்தக்க தீங்கைத் தடுக்கத் தம் சக்திக்குட்பட்டதை அவர் செய்தேயாகவேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதிலே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. பொறுப்பு, பாவம் செய்தவனைத் தேடி மட்டும் போகவில்லை; மாற்றும் அதிகாரம் எவரிடம் உண்டோ அவரையும் தேடிச் சென்றது. குடியிருப்பவள் சுவரை உடைத்துப் புதிய நிலை வைக்க முடியாது. பொது விளக்கின் கம்பியைத் தொட முடியாது. அவளால் இயல்வன சில உண்டு. திறப்பைக் கண்டவர் கையிற் கொடாதிருத்தல், படலையைச் சாத்திவைத்தல், கொண்டி தளர்ந்தால் உடனே அறிவித்தல். இவற்றில் அவள் தவறினால் அக்குறை அவளதே. தம் வளவில் நாலு அறை கட்டி, அவ்வாடகையாலேயே அடுப்பெரிக்கும் ஏழைச் சொந்தக்காரரும் உளர் என்பதை மறக்கவில்லை. ஆயினும் ஒரு மின்குமிழின் விலை எவரையும் ஓட்டாண்டி ஆக்கிவிடாது.

பாதுகாப்பு என்ற சொல் வேறொரு முகத்தோடும் இவ்வளவுகளில் உலவுகின்றது. குறித்த மணிக்குப் பின் படலை பூட்டப்படும். உறவினன் வந்தாலும் வாசலிலேயே நிற்கவேண்டும். யார் யாரோடு பேசினாள் என்பதும் விசாரிக்கப்படும். "உங்கள் நன்மைக்கே" என்பார் சொந்தக்காரர். பூட்டைத் திருத்தாதவர் பெண்ணின் நடத்தையைத் திருத்த முற்படுவது விந்தையே. கதவைப் பலப்படுத்தப் பணம் வேண்டும். பெண்ணைக் கட்டுப்படுத்தக் குரல் போதும். வளர்ந்த ஒருத்தியைக் காவல் காப்பதும், அவள் வாழும் இடத்தைக் காவல் காப்பதும் ஒன்றல்ல. வாடகை வாங்கியவர் ஏற்றது பின்னையதை மட்டுமே.

மற்றைத் திறப்பைப் பற்றியும் கேட்கவேண்டியிருக்கின்றது. ஓர் அறைக்கு இரண்டு திறப்புகள் இருப்பின், ஒன்று சொந்தக்காரர் கையில் இருப்பது வழமை. தீ விபத்துக்கு அது உதவலாம். ஆள் இல்லாத வேளையில் அத்திறப்பால் அறையைத் திறப்பவர், சட்டம் தம்மீது சுமத்திய கடமையைத் தாமே மீறுகின்றார்.

இத்தனையையும் எடுத்துச் சொல்லப் போடிங் அறைப் பெண்ணுக்கு இயலுமா? எழுத்தில் உடன்படிக்கை இல்லை, பற்றுச்சீட்டு இல்லை. கொண்டியை மாற்றித் தரும்படி கேட்டால், அறையைத் தேடி வேறு பத்துப்பேர் நிற்கின்றார்கள் என்ற பதில் வரும். பொலிஸ் நிலையத்துக்குச் சென்றாலும், வவுனியாவிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ வந்தவள் தன் முறைப்பாட்டைத் தனக்குத் தெரியாத மொழியிற் சொல்லவேண்டும். சிங்களம் தெரிந்த தோழியொருத்தி ஒருநாட் சம்பளத்தை இழந்து உடன் வரவேண்டும்.