கனியும் உழைப்பும்



லெபனானிலே ஹோஷார் என்னும் குடும்பத்தார் 1930ஆம் ஆண்டிலிருந்து ‘ஷாட்டோ முஸார்’ என்ற சிவந்த திராட்சை இரசத்தைச் செய்துவருகின்றனர். கொடிகள் வளர்வது பெக்கா பள்ளத்தாக்கில். இரசம் வடிப்பதோ மலைக்கு அப்பால், கஸீர் என்னும் ஊரில். 1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் 15 ஆண்டுகள் நீடித்தது. பழமேற்றிய லொறிகள் போர்முனைகளைக் கடந்தே போகவேண்டியிருந்தது. 1976இல் இரசமே இல்லை. 1984இல் பாதைகள் அடைபட்டதால், நாட்கணக்காகச் சுற்றிவந்த பழங்கள் லொறியிலேயே புளிக்கத் தொடங்கிவிட்டன. ஆயினும் அவர்கள் தோட்டத்தைக் கைவிடவில்லை.

இந்த இரசம் பழம் பறித்து ஏழு ஆண்டுகளின் பின்னரே விற்பனைக்கு வரும். குண்டுகள் விழும் நாட்டில், ஏழு ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒரு நாளை நம்பிப் பீப்பாவை மூடுவதென்றால்! நாமோ ஒருமுறை மழை பொய்த்தாலே ஆண்டவரோடு கோபித்துக்கொள்கிறோம்.

காணிக்கை வேளையில் குருவானவர் இரசக் கிண்ணத்தை ஏந்தும்போது, கொடியின் கனியோடு மனிதரின் உழைப்பையும் சேர்த்தே சொல்லுகிறார். (நம்மிற் பலர் அந்நேரம் சில்லறை தேடிக்கொண்டிருப்போம்.) வரும் ஞாயிறு அவ்வார்த்தை காதில் விழும்போது, பெயர் தெரியாத அந்த லொறிச் சாரதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பலன் காணாமலே உங்கள் வீட்டில் உழைத்துக் களைத்தவர் ஒருவர் இருப்பாரே, அவரையும் அக்கிண்ணத்தோடு ஒப்புக்கொடுங்கள்.