பதினொரு வயதில் தொழில் பேச்சு

தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளையிடம் தொழிலைப் பற்றிப் பேச யார் வாயெடுத்தாலும் 1953 குறுக்கே வந்து நிற்கும். நிற்கவும் வேண்டும். அந்த ஆண்டு ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை 5 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்தது. மிச்சப் பொழுதில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8ஆம் வகுப்பு வரை தொழில் அறிமுகம் வேண்டும் என்கிறது. புத்தகப் பை இல்லாத 10 நாட்களில் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் போன்றோரிடம் பிள்ளைகள் பழகலாமாம். பட்டியல் எழுதியவர்களுக்கு இதய மருத்துவரும் வங்கி மேலாளரும் ஏனோ நினைவுக்கு வரவில்லை. பழைய அச்சம் இங்கே மறுபடி தலைதூக்கியதில் வியப்பென்ன?

அச்சம் நியாயமானது. ஆனால் அதைச் சொல்லி நாம் வாயை மூடிக்கொண்டதில் பலனடைந்தவர்கள் யார்? எத்தனையோ தனியார் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி, நீட் ஃபவுண்டேஷன் வகுப்பு தொடங்கிவிடுகிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்குத் தொழிலை முடிவு செய்து கொடுப்பதுதான் அதுவும். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வதால் போராட்டம் எதுவும் எழவில்லை. சொந்த மருத்துவமனை வைத்திருப்பவர் மகள் மருத்துவம் படிக்கப் போனால் குலத்தொழில் என்று எவரும் கொதிப்பதில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கோ தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டல் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில்தான் வந்து சேர்கிறது. அதற்குள் வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள்.

நடுநிலைப் பள்ளியில் இந்தப் பேச்சைத் தொடங்கக் கணினி வகுப்புதான் ஏற்ற இடம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நிரல் எழுதும் வீடு எந்தத் தெருவிலும் கிடையாது. ஆனால் அங்கே பெரும்பாலும் நடப்பது மானிட்டர், மவுஸ், சிபியு என்று பாகங்களைக் குறிப்பது. நேரம் மிஞ்சினால் பெயிண்டில் ஒரு வீடு, பக்கத்தில் ஒரு தென்னை.

சாப்பாடு கொண்டுவரும் செயலி ஒன்றை எடுத்து, அதற்குப் பின்னால் யார் யார் உழைக்கிறார்கள் என்று ஒரு பருவம் முழுக்க வகுப்பு தேடிப் பார்க்கலாம். நிரல் எழுதுபவர், திரையை வடிவமைப்பவர், தமிழில் மொழிபெயர்ப்பவர் எல்லோரும் வருவார்கள். அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள தரவு மையங்கள் போன்றவற்றில் ஏசி மெக்கானிக்கும் ஜெனரேட்டர் பார்ப்பவரும் இரவும் பகலும் முறை மாற்றி வேலை செய்கிறார்கள். தெருவைத் தோண்டிக் கேபிள் பதிப்பவர் இல்லாமல் எதுவும் ஓடாது. நாமக்கல் பக்கத்துச் சிற்றூர்களில் உட்கார்ந்து, செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களில் எது மரம், எது மனிதர் என்று குறித்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கடைசியில், மழையில் பொட்டலத்தோடு நிற்கும் இளைஞர். அவர் ஊழியர் இல்லை, 'பார்ட்னர்' என்கிறது நிறுவனம். யாருக்கு பிஎஃப் உண்டு, யாருக்கு இல்லை, யார் எதுவரை படித்தார்கள், அந்தப் படிப்பு எங்கே கிடைக்கிறது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் பிள்ளைகளே விசாரிக்கட்டும். பார்ட்னருக்கு லாபத்தில் பங்கு எவ்வளவு என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருக்காது. ஆசிரியர் பதிலோடு தயாராக இருப்பது நல்லது.

இதற்காக மொழியிலும் கணக்கிலும் ஒரு பாடவேளையைக் கூடப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அது 1953தான். பதினொரு வயதில் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லவும் வேண்டாம். விண்ணப்பத்தில் இலட்சியம் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்வதை நிறுத்தினாலே பாதி நிம்மதி.

இதையெல்லாம் யார் நடத்துவது என்பதுதான் சிக்கல். நடுநிலைப் பள்ளிகள் வரை ஹைடெக் லேப் வந்துவிட்டது. கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்களோ பணியிடம் கேட்டு ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கிடைத்த வேலையில் அவர்களில் பலர் காலம் தள்ளுகிறார்கள். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் உள்ள உறவு என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடநூல் இல்லாமலே அவர்களால் பதில் சொல்ல முடியும்.