இரவுக் காவலும் இம்மானுவேல் காண்ட்டும்

இங்கிலாந்துச் சிறைகளில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் கைதியின் பெயரில் ஓர் ஆரஞ்சு நிறக் கோப்பு திறக்கப்படும். இரவுப் பணிக் காவலர் அறைக்கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்து, ஆள் மூச்சு விடுகிறாரா என்று உறுதிசெய்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மணியடித்தாற்போல் வரவும் கூடாது. உள்ளே இருப்பவருக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும் என்பதால், இடைவெளியை மாற்றி மாற்றி வரச் சொல்கிறது விதி.

ஒரே ஆளுக்காகத் திரும்பத் திரும்ப ரத்தம் துடைத்த காவலரின் மனதில் என்ன இருக்கும்? ஆய்வாளர்களிடம் பேசிய பலர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள்: பதற்றம், எரிச்சல், பிறகு மரத்துப்போதல். நிஜமாகத் தவிப்பவர் ஒரு வகை, காரியம் சாதிக்க நடிப்பவர் இன்னொரு வகை என்று பிரித்துக்கொள்பவர்களும் உண்டு. பிரித்துக்கொண்டால் வேலை சுலபம். அப்படிப் பிரிக்க எண்கள்தான் இடம் கொடுப்பதில்லை. 2014-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 2004 முதல் 2009 வரை இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 26,510 கைதிகள் 1,39,195 முறை தங்களைக் காயப்படுத்திக்கொண்டதாகக் கணக்கிட்டது. அவர்களில் 109 பேர் பின்னர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார்கள்.

மரத்துப்போன இந்த மனிதரை 1785-லேயே தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் கற்பனை செய்துவிட்டார். சொந்தத் துயரில் பரிவெல்லாம் வற்றிப்போன ஒருவர், மனமே இல்லாமல், கடமை என்பதற்காக மட்டும் எழுந்து உதவுகிறார். அந்தச் செயலுக்குத்தான் உண்மையான அறமதிப்பு என்றார் காண்ட். கவிஞர் ஷில்லர் இதைக் கிண்டலடித்தார். கிண்டலடிப்பது எளிது, ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் நடைக்கூடத்தில் நிற்பவருக்கு இது பெரிய ஆறுதல். பரிவு பொங்கும்வரை காத்திருக்க வேண்டாம், எழுந்து போனால் போதும்.

போதுமா? அந்தக் கோப்பு பார்வையோடு விடுவதில்லை, கைதியோடு அக்கறையாகப் பேசவும் சொல்கிறது. உணர்ச்சியைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது என்பதோ காண்ட்டே ஒப்புக்கொண்டது.

1991-ல் வேல்ஸின் ஸ்வான்ஸீ சிறை வேறொரு வழி கண்டது. ‘சமாரிட்டன்ஸ்’ என்ற தொண்டு அமைப்பு கைதிகளையே பயிற்றுவித்து, சக கைதிகளின் துயரத்தைக் காதுகொடுத்துக் கேட்க வைத்தது. ‘லிஸனர்’ எனப்படும் இவர்கள் இன்று பல சிறைகளில் இருக்கிறார்கள். காவலர் கேட்டதைக் கோப்பில் எழுதியாக வேண்டும். லிஸனர் கேட்டதை வெளியே விடக் கூடாது. கடமை சாவிக்காரருக்கு, பரிவு சக கைதிக்கு என்ற இந்தப் பங்கீட்டைக் காண்ட் யோசித்திருக்க மாட்டார். ஆனால் அதுவும் காவலரை முழுதாக விடுவிப்பதில்லை. நள்ளிரவில் கதவு பூட்டியிருக்கும்போது, லிஸனரை வரவழைக்கச் சொல்லிக் கைதி கேட்க வேண்டியது காவலரிடம்தான். வந்து நிற்பவரின் முகத்தில் எரிச்சலைப் பார்த்தால் கைதி வாய் திறந்து கேட்பாரா?