செய்தி யாருக்குச் சொந்தம்?

முஸ்லிம் மணமக்கள் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி ஜொகூரில் 2001-இல் வந்தது. மலேசியாவில் இதை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் ஜொகூர்தான். கிருமி இருப்பது தெரிந்தாலும் திருமணத்துக்குத் தடையில்லை. ஆனால் நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்த பிறகு ஒரு கல்யாணம் தள்ளிப்போனால், யாரும் வாய் திறக்காமலேயே விஷயம் கசிந்துவிடும். ஜொகூர் பாருவின் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கும் இது பொருந்தும். பரிசோதனை முடிவைச் சொல்லும் ஆலோசகரின் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான். அவர் தலைமேல் இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஆலோசகர்கள் பயிலும் முறை பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானது. உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த வழியில் தனிமனிதரே மையம். ஆலோசகர் அறிவுரை சொல்லமாட்டார். கேட்பார், முடிவை வந்தவரிடமே விடுவார். இது நம்மவர்களுக்கு ஒத்துவராது, இங்கே குடும்பம்தான் எல்லாம், ஆகவே குடும்பத்தையும் உள்ளே அழைக்க வேண்டும் என்று ஒரு கருத்து உண்டு. அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி ஆபத்தானது.

நியாயமான பாதியை முதலில் பார்ப்போம். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு உறைந்துபோன ஒருவர், “இப்ப நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்க” என்கிறார். “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று திருப்பிக் கேட்டால் அவருக்கு அது கைவிட்டதுபோலவே இருக்கும். பெரியவர், படித்தவர் வழி சொல்வார் என்று நம்பி வந்தவர் அவர். அங்கே நேராகச் சொல்வதே அறம்: முதல் கட்ட மருந்துகள் 2006 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசம், நாள் தவறாமல் விழுங்கினால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும், அந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியே இன்னொருவருக்குத் தொற்றாது. இதையெல்லாம் முதல் நாளே, அவர் வீட்டில் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். சட்டப்படி மருத்துவர் இந்தத் தொற்றைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதையும் மறைக்கக் கூடாது. பிறகு தெரிந்தால் நம்பிக்கை போய்விடும்.

ஆபத்து, குடும்பம் என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்று கேட்கும்போது தெரிகிறது. மலேசிய அரசுக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி பரிசோதனை 1998-இல் தொடங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் மலேசியாவுக்குச் சான்றளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு. பெரிய சாதனை, சந்தேகமில்லை. அதன் மறுபக்கம், பல வீடுகளில் முதலில் பரிசோதிக்கப்படுபவள் மனைவி. கணவனிடமிருந்து தொற்றியிருந்தாலும் செய்தி அவள் பெயரில்தான் வீட்டுக்குள் நுழைகிறது. “இவ வந்த நேரம்” என்று சொல்லத் தயாராக இருக்கும் மாமியாரை, பண்பாட்டின் பெயரால் ஆலோசனை அறைக்குள் அழைத்தால் யாருக்கு உதவி? குடும்பத்தை அழைப்பதென்பது பெரும்பாலும் குடும்பத்தில் அதிகாரம் உள்ளவரை அழைப்பதாகவே முடிகிறது.

அப்படியானால் கணவன் அல்லது மனைவிக்குத் தெரிய வேண்டாமா? வேண்டும். தொற்று ஏற்படக்கூடிய துணையின் உரிமை வேறு, மாமன் மச்சான்களின் ஆவல் வேறு. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி சட்டம் இந்தக் கோட்டை ஓரளவு தெளிவாகப் போட்டிருக்கிறது. துணைக்கு உண்மையான ஆபத்து இருந்து, எடுத்துச் சொல்லியும் தொற்றுள்ளவர் தானாகச் சொல்லாவிட்டால், அவருக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் சொல்லலாம். ஆனால் அதனால் அடி உதையோ கைவிடப்படுவதோ நேரும் என்று அஞ்ச இடமிருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக் கூடாது. ஒரு சட்டம் இவ்வளவு யோசித்திருப்பது அபூர்வம்.

பண்பாட்டை மதிப்பது எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகளைக் கண்டறிந்த குழுவுக்கு வழிகாட்டிய டாக்டர் சுனிதி சாலமன், 1993-இல் ஒய்.ஆர்.ஜி கேர் அமைப்பைத் தொடங்கினார். தொற்றுள்ள இளைஞர்களுக்கு வீட்டில் ஓயாத நச்சரிப்பு: எப்போது கல்யாணம்? சுனிதி அவர்களுக்கு வரன் பார்த்தார். வெள்ளணு எண்ணிக்கை, கிருமியின் அளவு, படிப்பு, வருமானம், மொழி என்று எல்லாவற்றையும் வைத்துப் பொருத்தம் பார்த்தார். பெரியவர்கள் வரன் பார்க்கும் வழக்கத்தை அவர் தூக்கி எறியவில்லை. நோயாளியின் பக்கம் திருப்பிவிட்டார். சம்மதம் மணமக்களுடையது, ரகசியமும் அவர்களுடையது.

தமிழருக்குத் தமிழ் ஆலோசகர் என்ற ஏற்பாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. கூலாயிலோ குளுவாங்கிலோ பழைய தோட்டத்துச் சொந்தங்கள் இன்று தாமான் குடியிருப்புகளில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி அத்தை மகளின் நாத்தனாராக இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் சிகிச்சைக்கு வருபவருக்கு மலாய் ஆலோசகரே நிம்மதி. இன்னொருவருக்கோ தாய்மொழியில் அழுதால்தான் பாரம் இறங்கும். முகத்தைப் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: பண்பாடு என்று நாம் முத்திரை குத்துவதில் பாதி வயிற்றுப் பிழைப்பு. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மாசாய்க்காரர் மாத்திரைப் புட்டியின் லேபிளைக் கிழித்துவிட்டு, அதை வைட்டமின் என்று வீட்டில் சொல்கிறார். அது வெறும் கூச்சமல்ல. எச்.ஐ.வி இருப்பது தெரிந்தால் சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கிடைக்காது. அங்கே எச்.ஐ.வி பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது 2019 ஜனவரியில் வெளியே தெரிந்தது. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். இவ்வளவுக்கும் பிறகு அவருடைய மௌனத்தை “ஆசிய மனப்பான்மை” என்று கோப்பில் எழுதும் ஆலோசகர் அவரைப் புரிந்துகொள்ளவில்லை.

பேசும் தொனி, மொழி, வேகம், அறிவுரை எவ்வளவு என்பவை ஊருக்கு ஊர் மாறட்டும். யாருக்குத் தெரியலாம் என்ற முடிவு மட்டும் குடும்பத்தின் கைக்குப் போகக் கூடாது. முதல் சந்திப்பிலேயே ஆலோசகர்கள் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்: எந்த மொழியில் பேசலாம், எந்த ஊழியர் வேண்டாம், வீட்டில் யாருக்குச் சொல்லலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம். பதில்கள் மாறும், அடுத்தடுத்த சந்திப்புகளில் மறுபடி கேட்கட்டும். ஆலோசனைக்கு வந்தவர் தானே ஒருவரை அழைத்து வரும்வரை அந்த அறையில் மூன்றாவது நாற்காலி வேண்டியதில்லை.