யாருக்குத் தந்த பரிசு?

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் திருச்சிப் பெரிய கடைவீதியின் முகமே மாறிவிடுகிறது. பாத்திரக் கடைகளின் வாசலில் குக்கர்களும் இட்லிப் பானைகளும் கோபுரமாய் அடுக்கப்படுகின்றன. மிக்சியும் கிரைண்டரும் வண்ணத்தாள் சுற்றிக் காத்திருக்கின்றன. தீபாவளிக்கு வாங்கத் தவறியவர்கள் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வாங்குகிறார்கள். அதற்கும் தவறியவர்களுக்குப் பொங்கல் இருக்கிறது. "அம்மாவுக்கு" என்பான் மகன். "வீட்டில் அவளுக்கு" என்பார் கணவர். முகத்தில் கொடுப்பவரின் மகிழ்ச்சி தெரியும். அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆயினும் அந்தக் கடைவீதியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னைத் தொடர்கிறது. சமைப்பவருக்குச் சமையல் கருவியைப் பரிசாகத் தரும்போது, நாம் உண்மையில் யாருக்குத் தருகிறோம்?

பிறரைக் குறை கூற இதை எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவன் நானே.

2008ஆம் ஆண்டு முதல் 2019 வரை எனது பங்கு இல்லத்தில் ஓர் அம்மா சமையல் செய்தார். திருவானைக்கோவிலிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறி, காவிரிப் பாலம் கடந்து வருவார். கணவரை இழந்தவர், மகன் ஒருவன், மகள் ஒருத்தி. ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவருக்கு நான் பரிசு தரத் தவறியதில்லை. ஓராண்டு பிரஷர் குக்கர். மறு ஆண்டு மிக்சி. பிறகு மேசைமேல் வைக்கும் கிரைண்டர். இன்னோராண்டு ஒரு சமையல் நூல். பீடச் சிறுவர்களும் அருட்சகோதரிகளும் சூழ்ந்திருக்க, அவர் கையில் பெட்டியைக் கொடுப்பேன். எல்லோரும் கைதட்டுவார்கள். அவரும் சிரித்தபடி, "எதுக்கு சாமி இதெல்லாம்?" என்பார். அது அடக்கம் என்றே எண்ணியிருந்தேன்.

முழங்கால் வலி மிகுந்து 2019இல் அவர் வேலையை விட்டு நின்றார். கடைசி நாளன்று அடுப்படிக்குள் சென்றேன். நான் தந்தவை யாவும் துலக்கித் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவர் கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. "இவையெல்லாம் உங்களுடையவை அல்லவா? எடுத்துச் செல்லுங்கள்" என்றேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் இங்க சமைக்கிறதுக்குத்தானே சாமி வாங்குனீங்க? கோயில் சாமானை நான் எப்படிக் கொண்டுபோறது?" அவர் குரலில் குத்தலில்லை. அது இன்னும் வலித்தது. சமையல் நூலும் அங்கேதான் இருந்தது; பக்கங்கள் பிரிக்கப்படாமல். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே கடினம் என்பது பதினோராண்டுகளாக என் அடுப்படியில் உழைத்தவரைப் பற்றி எனக்குத் தெரியாத செய்தி.

அவருக்குச் சொந்தமான கிரைண்டரும் ஒன்று இருந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதை வாசகர் அறிவர். ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து தேர்வு பெற்ற முதலமைச்சர் செல்வி ஜெயலலிதா அதனைத் தொடங்கிவைத்தார். குடும்ப அட்டையைக் காட்டி அந்த அம்மாவும் பெற்று வந்தார். இலவசங்களைப் பற்றி மேடையிலும் மறையுரையிலும் கண்டித்துப் பேசியவன் நான். ஆனால் அரசு தந்த கிரைண்டர் அவர் வீட்டில் இருந்தது. நான் தந்த கிரைண்டர் என் வீட்டில் இருந்தது. இவற்றுள் எது கொடை?

அவசரப்பட்டுக் கருவிகளைப் பழிக்க வேண்டா. "அம்மியில் அரைத்த சுவை வருமா, ஆட்டுக்கல்லில் ஆட்டிய பக்குவம் வருமா?" என்று பெருமூச்சு விடுவோர் பெரும்பாலும் அம்மி முன் உட்கார்ந்திராத ஆண்களே. என் தாய் விழாக்காலங்களில் நள்ளிரவு வரை மாவாட்டி, காலையில் தோளைத் தூக்க முடியாமல் தவித்ததைக் கண்டிருக்கிறேன். மாவரைக்கும் கிரைண்டரை 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கினார் என்பர். அவருக்குத் தமிழ்ப் பெண்களின் தோள்கள் நன்றி சொல்லும். மிக்சியின் கதையும் அத்தகையதே. சத்ய பிரகாஷ் மாத்தூர் என்னும் பொறியாளரின் வீட்டில் இருந்த வெளிநாட்டு மிக்சி, நம் நாட்டு மசாலாவுக்கும் பருப்புக்கும் ஈடுகொடுக்காமல் பழுதாயிற்று. மனைவியின் இடர் கண்டு அவர் வலுவான மோட்டாருடன் புதிய இயந்திரத்தை அமைத்தார். 1960களில் 'சுமீத்' என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஒருவருடைய வலியைக் கண்டு, அதற்கேற்ப ஒன்றைச் செய்து தருவது அன்பின் செயலே.

புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணைவன் என்று ஏற்கிறார். அதே துணைவன் சில வேளைகளில் பகைவனாகவும் மாறக்கூடும் என்றும் எச்சரிக்கிறார். தாய்மார்களின் உழைப்பைச் சமுதாயம் மறுபடி மதிப்பிட வேண்டும் என்பதையும் அம்மடல் வலியுறுத்துகிறது. இவ்விரு கருத்துகளையும் சேர்த்துப் படிக்க நான் தவறிவிட்டேன்.

கருவி தோளின் வலியைக் குறைக்கும், வேலையைப் பங்கிட்டுக்கொள்ளாது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூலொன்றில் இதை ஆராய்ந்தார். வீட்டு இயந்திரங்கள் வந்தபின் ஆண்களும் பிள்ளைகளும் முன்பு செய்த வேலைகள் மறைந்தன. தாயின் வேலையோ மறையவில்லை. துவைப்பது எளிதானதும் அடிக்கடி துவைக்க வேண்டியதாயிற்று. சமைப்பது எளிதானதும் வகைவகையாய்ச் சமைக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் அவை முறையே 289, 88 என்றாயின. ஐந்தாண்டுகளில் இரு சாராருக்கும் வேலை சற்றுக் குறைந்தது. இடையிலிருந்த வேறுபாடு 202 நிமிடங்களிலிருந்து 201 ஆயிற்று!

என் அடுப்படியிலும் அதுவே நடந்தது. கிரைண்டர் வந்த ஆண்டுதான், "மாவு அரைப்பது எளிதாயிற்றே" என்று விழா நாளில் பக்கத்துப் பங்குகளின் குருக்களையும் விருந்துக்கு அழைக்கத் தொடங்கினேன். எட்டுப் பேருக்குச் சமைத்தவர் இருபது பேருக்குச் சமைத்தார். அந்தப் பதினோர் ஆண்டுகளில் ஒரு கிறிஸ்து பிறப்பு நண்பகலில்கூட அவர் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டதில்லை. பரிசு எனக்குச் சுவையைக் கூட்டிற்று. அவருக்கு விருந்தினரைக் கூட்டிற்று.

இங்கே குருமடத்தில் படித்த பழைய பாடமொன்று நினைவுக்கு வருகிறது. திரும்பப் பெறும் எண்ணமின்றித் தருவதே கொடை என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்தை எடுத்துக்கொண்டு, அத்தகைய கொடையின் வேர் அன்பே என்று விளக்குவார் புனித தோமா அக்குவினாஸ். நீதியோ வேறு. அவரவர்க்கு உரியதை அவரவர்க்குத் தருவது நீதி. உரியதைத் தருபவன் கொடையாளி ஆகான். கடன் தீர்த்தவன் மட்டுமே ஆவான். வள்ளுவப் பெருந்தகையும் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்து வைத்தாலும் இரு வேறு அதிகாரங்களாகவே வைத்தார்.

இந்த அளவுகோலால் என் பரிசுகளை அளந்தேன். குக்கரும் மிக்சியும் என் உணவுக்காக என் வீட்டில் பயன்பட்டவை; ஆகவே அவை கொடை அல்ல, கொள்முதல். அவருக்கு நான் உண்மையில் தர வேண்டியிருந்தவை விழா நாளின் ஓய்வும், கூடுதல் உழைப்புக்கான கூலியும், வலித்த முழங்காலுக்கு ஓர் உதவியாளும். அவை கடன், தீர்க்கப்படவில்லை. தீராத கடனின்மேல் வண்ணத்தாள் சுற்றி, கொடை என்று பெயரிட்டு, அதற்குக் கைதட்டலும் நன்றியும் பெற்றுக்கொண்டேன். நம் இல்லங்களில் தாய்மாருக்கும் மனைவியருக்கும் தரப்படும் பரிசுகளுள் எத்தனை இவ்வகையைச் சேர்ந்தவை? பங்கிட்டுச் செய்ய வேண்டிய வேலைக்கு ஈடாக ஓர் இயந்திரத்தை வாங்கித் தந்துவிட்டு, "எல்லாம்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறேனே" என்று எத்தனை கணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்!

அரசின் மொழியிலும் இந்த வேறுபாடு புலப்படுகிறது. 2011ஆம் ஆண்டுத் திட்டம் 'விலையில்லா' என்னும் சொல்லைக் கையாண்டது. 2023ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 15 அன்று வேறோர் அரசு, குடும்பத் தலைவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டது. அரசியல் கணக்குகள் இரண்டிலும் இருந்திருக்கலாம். சொல்லை மட்டும் நோக்குங்கள். வீட்டு வேலைக்கு ஈடாகத் தரப்படுவது சலுகையன்று, உரிமை என்று ஓர் அரசாணைக்குப் புரிந்தது, மறையியல் படித்த எனக்குப் புரியாமல் போயிற்று.

அப்படியானால் சமைப்பவருக்குச் சமையல் சார்ந்த எதையும் பரிசாகத் தரலாகாதா? தரலாம். ஸ்ரீரங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் நெடுநாள் நண்பர். அவருடைய தமக்கையார் மணமாகி டில்லிக்குப் புறப்பட்டபோது, தாயார் பெட்டியில் புடவைகளுக்கிடையே மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' நூலை வைத்தனுப்பினாராம். "அது புத்தகம் இல்லை ஃபாதர், அம்மா கூடவே வந்த மாதிரி" என்றார் நண்பர். 1951இல் வெளிவந்த நூல் அது. உறவினர் பலரும் மீனாட்சி அம்மாளிடம் செய்முறை கேட்டு வந்ததைக் கண்டு, நூலாகவே எழுது என்று ஊக்கியவர் அவருடைய மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். இளமையிலேயே கணவரை இழந்த ஒரு பெண்ணின் அடுப்படி அறிவு அச்சேறி, தலைமுறை தலைமுறையாக மணப்பெண்களின் பெட்டியில் பயணம் செய்தது. முன்பின் அறியாத ஊரில் தனித்து நிற்கப்போகும் மகளின் தேவையை அறிந்து தந்த பரிசு அது. நான் தந்த நூலோ, எழுதப் படிக்க அறியாதவரிடம், "உன் சமையல் சலித்துவிட்டது" என்று சொல்லாமல் சொன்ன நூல். பொருள் ஒன்றே, கொடுத்தவரின் பார்வை வேறு.

அதே ஸ்ரீரங்கத்து அரங்கன் கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் மரபு உண்டு. சுல்தான் மகளாகப் பிறந்தவள் என்பதால் அவள் பிறந்த வீட்டு உணவையே படைக்கிறார்கள். நமக்கு உவப்பானதைத் தராமல், பெறுபவர்க்குப் பழகியதை அறிந்து தருவதில் உள்ள நயத்தை அயல் சமயத்தார் என்று ஒதுக்காமல் நாமும் கற்றுக்கொள்ளலாம்.

மார்த்தா, மரியா நற்செய்திப் பகுதி வரும்போதெல்லாம் குருக்களாகிய நாங்கள் மரியாவைப் புகழ்வோம். புகழ்ந்து முடித்ததும் ஏதோவொரு மார்த்தா சமைத்ததை உண்ணப் போவோம். ஆனால் யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை அத்துணை விரிவாகப் பேசுவதில்லை. இரவெல்லாம் வலை வீசிக் களைத்த சீடர்கள் கரையேறியபோது, உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆக்கி வைத்திருந்தார். களைத்தவர்களுக்கு அவர் புதிய வலையைப் பரிசளிக்கவில்லை. தாமே அடுப்பு மூட்டினார். வந்து உண்ணுங்கள் என்றார்.

ஆகவே இந்த விழாக்காலத்தில் கடை ஏறுமுன் மூன்று கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இதனால் அவருடைய வலி குறையுமா, நமது விருப்பம் நிறைவேறுமா? நாளை அவர் இந்த வீட்டைவிட்டுப் போனால் இது அவரோடு போகுமா? இதை இயக்க என் கையும் நீளுமா? மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடியுமானால், குக்கரும் வாங்கலாம், கிரைண்டரும் வாங்கலாம், ஐயமில்லை.

இப்போது எங்கள் பங்கு இல்லத்தில் கிறிஸ்து பிறப்பு நாளன்று அடுப்படிக்கு விடுமுறை. சமையல் செய்யும் சகோதரி முந்தின நாளே இரட்டைக் கூலியுடன் வீடு செல்கிறார். நானும் உதவிப் பங்குத்தந்தையும் சேர்ந்து சோறு வடித்து, முட்டைக் குழம்பு வைக்கிறோம். சென்ற ஆண்டு குழம்பில் உப்பு கூடிவிட்டது. யாரையும் குறை சொல்ல வழியில்லாமல் உண்டோம்.

அந்த மேசைக் கிரைண்டரைத் திருவானைக்கோவிலுக்கு எடுத்துச் சென்றேன். "வீட்டில்தான் ஒண்ணு இருக்கே சாமி" என்று அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். பதினோர் ஆண்டு விழா நாள்களுக்குரிய கூலியைக் கணக்கிட்டுக் கொண்டுபோயிருந்தேன். அதை மட்டும் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்து, பிறகு பெற்றுக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கடன் தீர்த்தவனுக்கு யார் நன்றி சொல்வார்? எனக்கு அதுவே நிறைவாக இருந்தது.

அவ்வாண்டு விழாவன்று பேரன் கையில் ஒரு தூக்குவாளி நிறையக் கலகலா கொடுத்தனுப்பினார். அவரே மாவு பிசைந்து, உருட்டி, பொரித்தவை. அது கொடை.