கண் பார்க்கிறது, காண்பது யார்?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் மாணவனுக்கு ஏற்படும் குழப்பங்களுள் ஒன்று, பார்த்தல் என்ற ஒரே செயலுக்கு அம்மொழியில் ஏன் இத்தனை சொற்கள் என்பது. 'சீ', 'லுக்', 'வாட்ச்', 'நோட்டீஸ்', 'அப்சர்வ்', 'பர்சீவ்' ஆகிய அனைத்துக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள் காணப்படும். ஆயினும் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதினால் ஆசிரியர் திருத்துவார். ஏனெனில் இச்சொற்களுக்கிடையே உள்ள வேறுபாடு கண்ணைப் பற்றியதன்று. கண்ணின் பின்னால் இருக்கும் மனத்தைப் பற்றியது.

சொற்கள் காட்டும் படிகள்

கண் திறந்திருந்தால் தானே நிகழ்வது 'சீ'. விரும்பிக் கண்ணைத் திருப்புவது 'லுக்'. ஆகவேதான் ஒருவன் பார்வையைச் செலுத்தியும் பொருள் அவனுக்குப் புலப்படவில்லை என்று அம்மொழியில் முரணின்றிச் சொல்ல முடிகிறது. 'வாட்ச்' என்ற சொல், விழித்திருத்தலைக் குறிக்கும் 'வேக்' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது; உறங்காத காவலனின் பார்வை அது. சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பாகத் தமிழரும் அறிந்த 'நோட்டீஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலம் அறிதலைக் குறிக்கிறது. 'பர்சீவ்' என்பதன் மூலப்பொருள் முழுமையாகப் பற்றிக்கொள்ளுதல்.

இவற்றுள் 'அப்சர்வ்' தனிச் சிறப்புடையது. அதன் வேரில் காத்தல் என்ற பொருள் உள்ளது. உற்றுநோக்குவதற்கும் அதே சொல். விரதத்தை அனுஷ்டிப்பதற்கும் அதே சொல். விஞ்ஞானி விண்மீனை 'அப்சர்வ்' செய்கிறான். பக்தன் ஏகாதசியை 'அப்சர்வ்' செய்கிறான். உண்மையாக உற்றுநோக்குவதும் ஒரு விரதமே என்பதை இச்சொல் உணர்த்தாமல் உணர்த்துகிறது.

கண் பட்டும் காணாதது

1999-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிலர் பந்தை ஒருவருக்கொருவர் வீசி விளையாடும் படம் ஒன்று காட்டப்பட்டது. ஓர் அணியினர் எத்தனை முறை பந்தை வீசுகின்றனர் என்று எண்ணுமாறு பார்வையாளர்களிடம் கூறப்பட்டது. இடையே கொரில்லா வேடமணிந்த ஒருவர் ஆட்டக்காரர்களின் நடுவே நடந்து சென்றார். பார்வையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை!

பயிற்சி பெற்ற கண்ணுக்கும் இது நேரும். 2013-ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் புற்றுநோயின் அறிகுறியான சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கூறப்பட்டது. ஒரு படத்தில், கட்டியைப்போல் 48 மடங்கு பெரிதான கொரில்லா உருவம் சேர்க்கப்பட்டிருந்தது. 20 மருத்துவர்கள் அதைக் காணவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் கண்கள் அந்த உருவத்தின்மீதே பதிந்திருந்தன என்பதைக் கருவி காட்டியது. கண் தன் வேலையைச் செய்தது. மனம் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

மனம் வேறிடத்தில் இருக்கும்போது கண் இருந்தும் காணாமை நேர்கிறது என்ற அனுபவத்தைப் பிருகதாரண்யக உபநிஷதம் எடுத்துக்காட்டுகிறது. இக்காலக் கருவிகள் கண்டதை அன்றே முனிவர்கள் தம் மனத்தை ஆராய்ந்து கண்டனர்.

காணாமை குற்றமா?

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. மனத்தின் இயல்பே இதுவானால், 'நான் கவனிக்கவில்லை' என்பவனைக் குறைகூற இயலுமா?

ஒரு கணத்தில் நேர்ந்த காணாமைக்கு யாரையும் குற்றவாளியாக்க முடியாது. கட்டியைத் தேடிய மருத்துவர் கொரில்லாவைக் காணாதது பாவமன்று. ஆனால் வீட்டில் தாயின் கால் வீங்கியிருப்பதைப் பல மாதங்களாக மகன் கவனிக்கவில்லை என்றால், அதை அவ்வாறு தள்ளிவிட இயலுமா? அவள் தினமும் அவன் கண்ணெதிரேதான் நடமாடுகிறாள். அவன் மனம் எதைத் தேடிப் பழகிவிட்டது என்பதே கேள்வி. அந்தப் பழக்கம் அவனே உண்டாக்கியது. ஆகவே அதற்கு அவனே பொறுப்பு.

டப்ளினில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த ஐரிஸ் முர்டாக், 1970-இல் வெளிவந்த தம் நூலில் இக்கருத்தை விளக்க ஒரு மாமியாரையும் மருமகளையும் எடுத்துக்கொள்கிறார். மருமகள் நாகரிகமற்றவள், தன் மகனுக்குப் பொருந்தாதவள் என்பது மாமியாரின் எண்ணம். ஆயினும் வெளியே அவர் குறைவின்றி நடந்துகொள்கிறார். பின்னர் ஒருநாள் அவர் தம்மையே ஆராய்கிறார்: இது மருமகளின் குறையா, தம் பழைமைப் பிடிப்பும் பொறாமையும் செய்யும் வேலையா? மீண்டும் மீண்டும் கவனித்துப் பார்க்கிறார். முன்பு கீழ்மையாகத் தெரிந்தது இப்போது எளிமையாகவும் கள்ளமின்மையாகவும் தெரிகிறது. வெளிச்செயல் எதுவும் மாறவில்லை. ஆயினும் ஓர் உயர்ந்த அறச்செயல் நிகழ்ந்துவிட்டது என்பது முர்டாக்கின் முடிவு. மரியாதையைக் குறிக்கும் 'ரெஸ்பெக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளே 'திரும்பிப் பார்த்தல்' என்பது இங்கே நினைக்கத் தக்கது.

இது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா? இல்லாத நற்குணத்தை அன்பின் மிகுதியால் ஏற்றிச் சொல்வது வேறு; இருப்பதை மறைத்த திரையை விலக்குவது வேறு. விளக்கைக் கொண்டுவந்ததும் பாம்பு கயிறாக மாறுவதில்லை. அங்கே எப்போதும் இருந்தது கயிறுதான். மாமியார் ஏற்றிய விளக்கு மருமகளை மாற்றவில்லை. தம் அகங்காரத்தின் நிழலை விலக்கியது.

இது சாத்தியமாவது எவ்வாறு? கண் பொருளைக் காண்கிறது. கண்ணின் கூர்மையையும் மங்கலையும் மனம் அறிகிறது. அந்த மனத்தின் விருப்பு வெறுப்புகளையும் அறியும் சாட்சி ஒன்று உள்ளே உண்டு என்கிறது வேதாந்தம். தன் மனத்தில் படிந்த சாயத்தைத் தானே காண முடிவதால்தான் மனிதன் தன்னைத் திருத்திக்கொள்ள முடிகிறது. சித்தசுத்தி என்பது இந்தச் சாயத்தைக் கழுவுவதே.

தரிசனம்

ஆன்மிக வாழ்வில் இது சிறு விஷயமன்று. பாரதத்தின் தத்துவ மரபுகளுக்குத் 'தரிசனம்' என்றே பெயர். ஆலயத்தில் பக்தன் நாடுவதும் தரிசனமே. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று இறைவனைத் தரிசித்தவன், திரும்பும்போது பிரகாரத்தைப் பெருக்கும் மூதாட்டியைக் காணாமல் கடந்து செல்வானாயின், அவன் தரிசனம் பாதியிலேயே நின்றுவிட்டது. ஏழையைச் சுட்டச் சுவாமி விவேகானந்தர் 'தரித்திர நாராயணன்' என்ற சொல்லைக் கையாண்டார். ஏழையைக் கண் காண்கிறது. அவன் பசியைக் கவனம் காண்கிறது. அவனுள் உறையும் நாராயணனைத் தூய்மையான உள்ளமே காண்கிறது.

இதற்கு அரிய சாதனைகள் தேவையில்லை. அன்றாடம் சந்திக்கும் ஒருவரை, அவரிடமிருந்து எதையும் எதிர்பாராமல், ஒரு நிமிடம் முழுமையாகக் கவனிக்கும் விரதத்தை எவரும் மேற்கொள்ளலாம். அந்த ஒரு நிமிடத்தில் 'நான்' சற்றே ஒதுங்கி நிற்கிறது. அவ்வாறு ஒதுங்கி நிற்கப் பழகிய மனத்துக்கு, இறைவனைக் காணும் வழியும் எளிதாகும்.